வாடகை இல்லாத வீடு

வாடகை என்பதைச் சுரண்டலின் சொல்லாகவே பேசி நமக்குப் பழகிவிட்டது. நீலகிரி எஸ்டேட் லைன்களிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. லைன் வீட்டுக்கு வாடகை கிடையாது. பிரச்சினையே அதுதான்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்குப் பொருந்தியது. குன்னூர், ஊட்டியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தவரைக்கூட வீட்டுக்காரர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை என்று சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்டி உத்தரவு வாங்கவேண்டும். சட்டத்தின் கண்ணில் குடித்தனக்காரர் யார்? வாடகை தரக் கடமைப்பட்டவர். நகராட்சி எல்லை தாண்டித் தேயிலைக்குள் நுழைந்தால் குடித்தனக்காரர் மறைந்து தொழிலாளி மட்டும் மிஞ்சுகிறார்.

அந்தத் தொழிலாளிக்கென 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு தருவதை அதன் 15ஆம் பிரிவு முதலாளியின் கடமையாக்கியது. சின்ன விஷயமல்ல. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அடுத்த பிரிவில் இன்னொன்று: தொழிலாளர் குடியிருக்கும் பகுதிக்குப் பொதுமக்கள் வந்துபோக அரசு விதி வகுக்கலாமாம். வீட்டுக்கு ஒருவர் வந்துபோகவே விதி வேண்டும் என்றால் அந்த வாசல் யாருடையது?

என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஓய்வுபெற்றபோது ஆபீசில் சொன்னார்கள்: "வீட்டைக் காலி பண்ணுங்கம்மா, அப்புறம் கணக்கு முடிச்சுக்கலாம்." கணக்கு என்றால் பணிக்கொடை. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. பணம் வந்தால்தான் வேறு வீடு பார்க்கலாம். வீட்டை விட்டால்தான் பணம். "மாசம் ஒரு ரூபா வாடகை வாங்கியிருந்தா இன்னிக்கு ரசீதாவது காட்டலாம்ல?" என்றார் அம்மா. கடைசியில் தங்கை எஸ்டேட் வேலைக்குப் பேர் கொடுத்தாள். வீடு தங்கியது. அடுத்த தலைமுறைக்கு ஆள் பிடிக்கக் கங்காணி தேவைப்படவில்லை. வீடே போதுமாக இருந்தது.

தனியார் முதலாளியோடு இது நிற்கவில்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் லைன்களை விட்டு வந்தவர்களுக்காக அரசே இங்கே தேயிலை பயிரிட்டது. 1976இல் அது டேன்டீ நிறுவனமானது. அங்கும் வேலைக்கே வீடு. ஒரு கடலைத் தாண்டியும் அவர்கள் லைனைத் தாண்டவில்லை.

1960 சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி முதல் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பணி ஒப்பந்தத்தின் பகுதியாக நிறுவனம் ஊழியருக்குத் தரும் வீட்டை அது வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. 1951 சட்டமும் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. வீடு தரும் கடமை அதில் தொடர்கிறது. ஓய்வுபெற்றவரின் குடியிருப்பு உரிமை அதிலும் இல்லை.

கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் "வீடு சும்மாத்தானே கொடுக்கிறோம்" என்கிறது முதலாளிகளின் தரப்பு. அப்படியானால் அந்த வீட்டின் விலை கூலியில் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. அம்மா வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். யாரும் ரசீது போடவில்லை, அவ்வளவுதான்.