பிரபுவின் பெயரும் பழைய இறைச்சியும்

ஞாயிறு நண்பகலில் வாட்டிய மாட்டிறைச்சி. உண்டது பாதி, எஞ்சியது பாதி. மறுநாள் அது குளிர்ந்து விறைத்துக் கிடக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இல்லத்தரசிகள் அதை எறிந்துவிடுவதில்லை. இறைச்சியின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, தாள்போல் மெல்லியதாய்ச் சீவுகிறார்கள். ரொட்டித் துண்டுகள் இரண்டு, இடையே இறைச்சி, அதன் மேலும் கீழும் பாலாடைக்கட்டி, சிறிது கடுகுச் சாந்து, விரும்பினால், பழுப்பேற வதக்கிய வெங்காயம். ரொட்டியின் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவி, இளந்தீயில் சட்டியிலிட்டு மூடுகிறார்கள். பாலாடைக்கட்டி உருகுகிறது, ரொட்டி பொன்னிறம் பெறுகிறது. நேற்றைய மிச்சம் இன்றைய விருந்தாகிறது!

தீ ஏன் இளந்தீயாக இருக்கவேண்டும்? ஒருமுறை வெந்த இறைச்சியை மறுமுறை வேகவிட்டால், சாறு வற்றித் தோலாகிவிடும். ஆகவே அந்தச் சூடு இறைச்சிக்கன்று, பாலாடைக்கட்டிக்கே. அது உருகி இறைச்சியைப் போர்த்து, வற்றிய இடத்துக்கு வழுவழுப்பைத் தருகிறது. வன்தீயில் வைத்தாலோ, ரொட்டி கருகும்; உள்ளே கட்டி கட்டியாகவே நிற்கும். இந்த நுட்பத்தைக் கண்டறிந்தவர் யார்?

"சாண்ட்விச் என்றால் என்ன பொருள், ஐயா?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். "அது ஓர் ஊரின் பெயர், அந்த ஊரைப் பட்டமாகக் கொண்ட பிரபு ஒருவரின் பெயர்," என்றேன். "அவரா சமைத்தார்?" என்றான். மணி அடித்தது, நான் தப்பினேன். ஆனால் வினா என்னை விடவில்லை!

கெண்ட் பகுதியிலே, முன்னாளில் துறைமுகமாய்ச் சிறந்திருந்த ஊர் சாண்ட்விச். அந்தப் பட்டத்தின் நான்காம் உரிமையாளர் ஜான் மாண்டேகு (1718–1792). கடற்படைத் துறையின் தலைமைப் பதவியை மும்முறை வகித்தவர். சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இரு ரொட்டித் துண்டுகளுக்கிடையே மாட்டிறைச்சியை வைத்துத் தரச்சொல்லி, இருபத்துநான்கு மணிநேரம் அங்கேயே அமர்ந்திருந்தார் என்பது கதை. இந்தக் கதைக்குச் சான்று எது? 1765-இல் இலண்டனைச் சுற்றிப்பார்த்த குரோஸ்லி என்ற பிரெஞ்சுக்காரர் 1770-இல் வெளியிட்ட பயண நூல். தாம் அந்நகரில் தங்கியிருந்த காலத்தில்தான் இந்த உணவு பரவியது என்கிறார் அவர். ஆனால் எட்வர்டு கிப்பன், ஆம், ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய அதே கிப்பன், 1762 நவம்பர் 24-ஆம் நாள் குறிப்பிலேயே, கோகோ ட்ரீ என்னும் மன்றத்தில் பெருங்குடியினர் பலர் குளிர்ந்த இறைச்சியோ சாண்ட்விச்சோ உண்டதைப் பதிந்துவிட்டார். கதை பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு மூன்றாண்டு முன்னரே பெயர் வழக்கில் இருந்திருக்கிறது! பிரபுவின் வரலாற்றை 1993-இல் எழுதிய ராட்ஜர் என்ற அறிஞரோ, சூதாட்ட மேசையிலன்று, அலுவல் மேசையில் அமர்ந்து அவர் அதை உண்டிருக்கவே வாய்ப்பு மிகுதி என்று கருதுகிறார்.

சூதாடினாரா, கோப்புப் பார்த்தாரா — அது எதுவாயினும் ஆகட்டும். "கொண்டுவா" என்றவர் பிரபு, கொண்டுவந்தவர் எவரோ. வந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயர் ஒட்டிக்கொள்வதில் இந்தப் பிரபு நற்பேறு மிக்கவர்தாம்! 1778-இல் கேப்டன் குக் பசிபிக் கடலில் கண்ட தீவுகளுக்கும் இவருடைய பெயரையே சூட்டினார். ஆனால் அந்தத் தீவுகள் தம் பழம்பெயரான ஹவாயை மீட்டுக்கொண்டன. ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வாயில்லை.

ரொட்டியை விடுங்கள், இறைச்சியை வாட்டியவர்களைப் பாருங்கள். இரும்புக் கம்பியில் கோத்த பெருந்துண்டு, நெருப்பின்முன் மணிக்கணக்கில் சுழலவேண்டும். சுழற்றியவர்கள் சிறுவர்கள். எட்டாம் ஹென்றி மன்னனின் அரண்மனைக்காக 1526-இல் வகுக்கப்பட்ட விதிகளில் ஒன்று, சமையலறை ஏவலர் ஆடையின்றித் திரியலாகாது என்பது. விதி இயற்றும் அளவுக்கு வெக்கை இருந்திருக்கிறது! பின்னர்ச் சிறுவர்களின் இடத்துக்கு நாய்கள் வந்தன. சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் நாய் ஓட, சக்கரம் கம்பியைச் சுழற்றியது. அதற்கென்றே வளர்த்த அந்தச் சாதி நாய், பொறிகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழிந்துபோயிற்று. அவற்றில் ஒன்றின் பாடம் செய்த உடல், வேல்சு நாட்டு ஆபர்கவென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயின் பெயர் விஸ்கி. நாயின் பெயர் கிடைத்திருக்கிறது; சிறுவரில் ஒருவர் பெயரையும் நான் கண்டதில்லை.

இலண்டன் ஏழைகளின் வீட்டிலோ இறைச்சி வாட்ட அடுப்பே இல்லை. வாரமெல்லாம் உழைத்து, வாங்கிய சிறு துண்டை ஞாயிறன்று ரொட்டிக்காரரின் அடுப்புக்கு எடுத்துச் சென்று, சிறு கூலி தந்து வாட்டி வந்தனர். அதற்கும் வந்தது தடை! ஓய்வுநாளின் தூய்மையைக் காக்கவென்று, சர் ஆண்ட்ரூ ஆக்னியூ 1830-களில் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்தில் சட்டமுன்வரைவு கொணர்ந்தார். ஞாயிறன்று ஏழையின் ரொட்டிக்கடை அடுப்பு அணையவேண்டும். செல்வர் மாளிகையில் வேலையாட்கள் மூட்டும் அடுப்போ எரியலாம்! 1836-இல், இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர், திமோத்தி ஸ்பார்க்ஸ் என்னும் புனைபெயரில் ஒரு சிறுநூல் எழுதி, இந்த ஓரவஞ்சனையை அம்பலப்படுத்தி, அதை இலண்டன் பிஷப்புக்கே காணிக்கையாக்கினார். இளைஞரின் இயற்பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். சட்டமுன்வரைவு நிறைவேறவில்லை. ஏழாண்டு கழித்து, தம் கிறிஸ்துமஸ் கதையிலும் அந்த அடுப்புகளின் வழக்கை அவர் மறவாமல் எடுத்தார்.

ஞாயிறு கழிந்தால் திங்கள். திங்கள் துணி வெளுக்கும் நாள். வெந்நீர்க் கொப்பரையோடு மல்லாடும் பெண்ணுக்கு வேறு சமையலுக்கு நேரமேது? ஆகவே நேற்றைய இறைச்சி, குளிர்ந்தபடியே தட்டுக்கு வந்தது. 1861-இல் வெளியான பீட்டன் அம்மையாரின் இல்லறப் பெருநூல், எஞ்சிய இறைச்சிக்கான சமையல்களைத் தனிக்குறிப்பிட்டே காட்டியது. நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தெட்டில் மறைந்தார்.

உருகிய பாலாடைக்கட்டி ஏழை எளியோருக்கும் எளிதில் கிட்டியது, அமெரிக்கப் பொறிகளால். எளிதில் கெடாமல் சீராய் உருகும் பாலாடைக்கட்டிக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை பெற்றார். ஆட்டோ ரோவெடர் அமைத்த பொறியில் துண்டுபோட்ட ரொட்டி, 1928 ஜூலை 7 அன்று மிசௌரி மாநிலத்துச் சில்லிகாதி நகரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொருளாதாரப் பெருமந்தம்! வேலை போன குடும்பங்களுக்கு, ரொட்டியும் உருகிய பாலாடைக்கட்டியும் பசி தீர்க்கும் மலிவுணவாயின. இறைச்சி எஞ்சியிருந்தால் அதுவும் உள்ளே புகுந்தது.

ஆனால் ரொட்டிமேல் பாலாடைக்கட்டியை உருக்கும் கலை பொறிகளுக்கு மிக மூத்தது. 1747-இல் இலண்டனில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. ரொட்டியை இருபுறமும் வாட்டு. பாலாடைக்கட்டியை ஒருபுறம் வாட்டி அதன்மேல் வை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை மேலே பிடித்து மறுபுறத்தைச் சிவக்கவை என்று அது முறை சொல்லிற்று. பெருமொழி வேண்டாம், வேலைக்காரப் பெண்களுக்குப் புரியவேண்டும் என்பதே நூலாசிரியரின் நோக்கம். முகப்பில் பெயரில்லை, "ஒரு பெண்மணி" என்று மட்டும் இருந்தது. நூல் பதிப்பின்மேல் பதிப்பு கண்டது. எழுதியவரோ 1754-இல் கடனில் மூழ்கி, நூலின் உரிமையை விற்றார். 1757-இல் கடனாளிகளின் சிறைக்குப் போனார்.

அவர் மறைந்து எட்டாண்டுக்குப்பின், 1778-இல், ஒரு விருந்தில் இந்த நூலைப்பற்றிப் பேச்செழுந்தது. அதை எழுதியவர் ஜான் ஹில் என்னும் மருத்துவர் என்றார் பதிப்பாளர் ஒருவர். அது ஹில்லின் எழுத்துத்தானா என ஐயுற்றார் அகராதி தந்த ஜான்சன். ஆயினும் அதே பேச்சில், பெண்கள் நன்றாக நூல் நூற்பார்கள், நல்ல சமையல் நூல் எழுதமாட்டார்கள் என்றும் தீர்ப்பளித்தார் அந்தப் பேரறிஞர்! யார் சமைத்த உணவைச் சுவைத்துக்கொண்டு சொன்னாரோ?

ஹன்னா கிளாஸ். அந்தப் பெண்மணியின் பெயர் அது. பழைய பதிவுகளைத் துருவி, அவர் யார், எவர் மகள் என்பதை ஐயமற நிறுவியவரும் ஒரு பெண்ணே — வரலாற்றாய்வாளர் மேடலின் ஹோப் டாட்ஸ். ஆண்டு 1938. நூல் வெளிவந்து 191 ஆண்டுகள் ஆகியிருந்தன.