1729-க்கு அப்பால்: இராமானுஜனுக்குப் பட்டம் வாங்கித் தந்த எண்கள்



கணித மேதை இராமானுஜன் என்றதும் நம் மாணவர்கள் கட்டுரையில் எழுதுவது 1729-ஐத்தான். டாக்சி, ஹார்டி, மருத்துவமனை என்று அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நல்ல கதைதான். ஆனா, கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவை வேறு எண்கள். அவை எப்படிப்பட்டவை என்று பார்க்க, முதலில் டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு வாங்க.

அங்கே மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பாதையில் 3 நிமிடத்துக்கு ஒரு ரயில், இன்னொன்றில் 4 நிமிடத்துக்கு, மற்றொன்றில் 5 நிமிடத்துக்கு. மூன்றும் ஒரே நேரத்தில் புறப்பட்டால், மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும்? 60 நிமிடம் கழித்து. 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், மொத்தம் 12. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. பங்கு பிரிக்கத் தோதான எண் அது. பாபிலோனியர் 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணினார்கள். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள்.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், இவற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழ் அதை வெளியிட்டது. 1916-இல் அவர் ஆய்வின்வழி இளங்கலைப் பட்டம் பெற இந்தக் கட்டுரையே முக்கியக் காரணம். அது போர்க்காலம், சங்கத்துக்குப் பணமுடை. அதனால் அச்சேறாமல் நின்ற மீதிப் பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

கட்டுரையில் உள்ள பட்டியலின் கடைசி எண்ணைப் பாருங்க: 6,746,328,388,800. ஏறத்தாழ ஆறே முக்கால் டிரில்லியன்! இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். பகா எண்களாகப் பிரித்தால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்க. அடுக்கு எழுதாத எண்களுக்கு அடுக்கு 1 என்பதை மறக்காதீங்க.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 காரணிகள்.

அந்தப் பட்டியலில் 102 எண்கள் இருக்கின்றன. ஒரே ஓர் எண் விடுபட்டுப்போயிருக்கிறது: 293,318,625,600. அதற்கு 5,040 காரணிகள். அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்!

கனவில் தெய்வம் சொல்லிக்கொடுத்தது என்று மட்டும் சொன்னால், மாணவர்கள் வியப்பார்கள். ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று ஒதுங்கியும்விடுவார்கள். ஓரிடத்தில் கைதவறிய இந்தப் பட்டியலோ, உட்கார்ந்து பொறுமையாகக் கணக்குப் போட்ட ஒரு மனிதரைக் காட்டுகிறது. வகுப்பறைக்கு அந்த மனிதரையும் அழைத்து வாருங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க:
1. 72-க்கும் 12 காரணிகள் உண்டு. அது ஏன் மிகு பகு எண் ஆகாது?
2. 60-க்கு அடுத்து வரும் மிகு பகு எண் எது?