உடல் உறுப்பு தானம் (தமிழ்நாடு)

உடல் உறுப்பு தானம் என்பது, உறுப்பு செயலிழந்து உயிருக்குப் போராடும் ஒருவருக்குப் பொருத்துவதற்காக, இன்னொருவர் தம் உறுப்பையோ திசுவையோ விலை பெறாமல் மனமுவந்து அளிப்பதாகும். சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல், கணையம், சிறுகுடல் ஆகியவை உறுப்புகள். கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு, தசைநாண் போன்றவை திசுக்கள். தமிழ்நாட்டில் இந்தத் தானம் மக்களிடையே வேரூன்றக் காரணமான நிகழ்வு, 2008இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொடங்கியது.

முன்வரலாறு

இறைவனுக்காகத் தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்ப நாயனாரைப் பெரியபுராணம் போற்றுகிறது. புறாவின் உயிருக்கு ஈடாகத் தன் தசையை அளித்த சிபியைச் சோழர்கள் தம் குல முன்னோராகக் கொண்டனர். இவ்வாறு அளிப்பதன் பெருமையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தாலும், அதை இன்னோர் உடலில் பொருத்தும் மருத்துவம் கைகூட 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

முதலில் வென்றது கண் மருத்துவம். 1905இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில், எட்வார்ட் சிர்ம் கருவிழியை மாற்றிப் பொருத்தினார். 1819இல் தொடங்கி, இன்று சென்னை எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை, ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் இங்குதான் அமைந்தது. நாட்டின் முதல் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை டாக்டர் முத்தையா 1948இல் இங்கேயே செய்தார்.

உறுப்பு மாற்றம் பின்னர் வந்தது. ஜோசப் மர்ரே 1954இல் பாஸ்டனில், ஒத்த இரட்டையரில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். கிறிஸ்டியான் பர்னார்ட் 1967இல் கேப் டவுனில் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. 1994இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் வேணுகோபால் இதய மாற்றில் வெற்றி கண்டார். 1998இல் டெல்லியில் நடந்த முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றில் பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை. கல்லீரலின் ஒரு பகுதியை அளித்தவர் அதன் தந்தை.

புதிய உறுப்பை உடல் ஒதுக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பரவியது. உறவினரல்லாதவரின் சிறுநீரகமும் பொருந்தத் தொடங்கியதும் தரகர்கள் முளைத்தனர். கடனில் மூழ்கிய ஏழைகள் சிறுநீரகத்தை விற்றதால், சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்ற பெயரே ஏற்பட்டது. இக்கொடுமைக்கு முடிவு கட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமாயின. மூளைச்சாவு சட்டப்படி மரணமாக ஏற்கப்பட்டது. 2011 திருத்தம் திசுக்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் நெருங்கிய உறவினராகச் சேர்த்தது.

வகைகள்

தானம் மூவகைப்படும்.

1. உயிரோடிருப்பவர் அளிப்பது: ஒரு சிறுநீரகம் அல்லது கல்லீரலின் ஒரு பகுதி. பெரும்பாலும் நெருங்கிய உறவினரே அளிப்பர். உறவினரல்லாதவர் அளிக்க அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தியாவில் இவ்வாறு அளிப்போரில் தாய்மார்களும் மனைவியருமே மிகுதி.

2. மூளைச்சாவுக்குப் பின் அளிப்பது: எல்லா முக்கிய உறுப்புகளும் இவ்வகையில் கிடைக்கும்.

3. இதயம் நின்று இறந்தபின் அளிப்பது: முதன்மையாகக் கருவிழியும் தோலும். கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மருத்துவர் வரும்வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது நல்லது. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும், சர்க்கரை நோயாளியும் கண் தானம் செய்யலாம்.

மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலை அளிக்கும் உடல் தானம் இவற்றினின்று வேறானது.

மூளைச்சாவு

மூளைச்சாவு மயக்கநிலை அன்று. ஆழ்ந்த மயக்கத்தில் (கோமா) உள்ளவர் மீளக்கூடும். மூளைத்தண்டு முற்றிலும் செயலிழந்தவர் மருத்துவப்படியும் சட்டப்படியும் இறந்தவரே. வென்டிலேட்டர் மூச்சைத் தருவதால்தான் அவர் இதயம் சில காலம் துடிக்கிறது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து இதை உறுதிசெய்யும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் இக்குழுவில் இடம்பெற முடியாது. எடுத்த இதயத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும்.

ஹிதேந்திரன்

திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரன், 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் சிக்கிச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். மருத்துவர்களான பெற்றோர், மகனின் உறுப்புகளை அளித்தனர். போலீசார் சாலையை ஒழுங்குபடுத்தித் தர, அவர் இதயம் 11 நிமிடங்களில் முகப்பேர் மருத்துவமனையை அடைந்தது. டாக்டர் கே.எம். செரியன் குழுவினர் அதைப் பெங்களூருச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தினர். மகனை இழந்த வேளையில் இப்பெற்றோர் எடுத்த முடிவு, அரசாணைகளால் மட்டும் உண்டாக்க முடியாத மனமாற்றத்தைத் தமிழ்நாட்டில் உண்டாக்கியது. தயங்கிய குடும்பங்கள் சம்மதிக்கத் தொடங்கின. மலையாளத்தில் ‘டிராபிக்’ (2011), தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ (2013) ஆகிய படங்கள் இந்நிகழ்வைத் தழுவியவை.

2008இலேயே அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் டாக்டர் அமலோற்பவநாதனை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு தொடங்கியது. 2014இல் அது ‘டிரான்ஸ்டான்’ எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாயிற்று. 1997இல் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, குடும்பங்களோடு பேசும் ஒருங்கிணைப்பாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

கொடையாளராதல்

18 வயது நிறைந்தவர், இரு சாட்சிகளுடன் படிவம் 7இல் உறுதிமொழி அளிக்கலாம். சாட்சிகளுள் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். 2023 முதல் மத்திய அரசின் உறுப்பு மாற்று அமைப்பான ‘நோட்டோ’வின் இணையதளத்தில் ஆதார் வழியாகவும் பதியலாம். உறுதிமொழியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் உறுதிமொழி மட்டும் போதாது. இறப்புக்குப் பின் மருத்துவமனை கேட்பது குடும்பத்தாரின் சம்மதத்தையே. ஆகவே விருப்பத்தை வீட்டாரிடம் சொல்லி வைப்பதே உறுதிமொழியின் உயிர்நாடி.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்பகுதியான வல்லம் வடகால் போன்ற இடங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி மட்டுமே 18,720 பெண் தொழிலாளர் தங்கும் வசதி கொண்டது. பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் பெற்றோரைப் பிரிந்து வாழ்கின்றனர். கனரக வாகனங்கள் நிறைந்த சாலைகளில் பைக்கில் ஷிப்டுக்குப் போய்வருகின்றனர். தலைக்காயத்தால் ஒருவர் இறக்க நேர்ந்தால், தொலைவிலிருந்து ஓடிவரும் பெற்றோர்தான் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். பிள்ளையின் விருப்பம் முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சுமை பாதி குறையும். தலைக்கவசம் அணிவதும் விருப்பத்தைச் சொல்லி வைப்பதும் ஒரே பொறுப்பின் இரு பகுதிகள்.

தற்போதைய நிலை

உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2024இல் மாநிலத்தில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைத்தன. காத்திருப்போரில் சிறுநீரகம் வேண்டுவோரே மிகுதி.