எந்தக் கையில் மண்வெட்டி?

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் ஒரு சடங்கு நடக்கும். தலைமையாசிரியர் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்துவார். நிறைய வாங்கியவனுக்கு விஞ்ஞானப் பிரிவு. குறைய வாங்கியவனுக்குத் தொழிற்பிரிவு. "உனக்கு எது பிடிக்கும்?" என்று ஒருவரையும் அவர் கேட்டதில்லை. என் சிநேகிதன் ஒருவன், நாற்றின் நிறத்தைப் பார்த்தே அதன் நோயைச் சொல்லிவிடுவான். அவனுக்கு விவசாயத் தொழிற்பிரிவு கிடைத்தது. வரிசையில் நின்றபடியே அழுதான்.

பிடித்த வித்தையே கிடைத்திருக்க, அவன் ஏன் அழவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய சரித்திரத்தைப் புரட்டினேன்.

கைத்தொழிலையும் படிப்பையும் சேர்த்துவைக்கும் ஆசை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் ஒரு கல்வி மகாநாடு கூட்டினார். ராட்டையும் தறியும் பள்ளிக்கூடத்துக்குள் வரவேண்டும், கணக்கும் பூகோளமும் அவற்றின் வழியாகவே பிள்ளைக்குப் புரியவேண்டும் என்பது அவர் கருத்து. திட்டத்தை எழுதிக் கொடுக்க ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் நம்மவர் இருவர் இருந்தனர்: யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆரியநாயகம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா.

பிறகு 1953 வந்தது. அந்த ஓர் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த இரு பெரியவர்களிடமிருந்து இரண்டு யோசனைகள் வெளிவந்தன.

முதலாவது, உயர்நிலைக் கல்வியை ஆராய மத்திய சர்க்கார் நியமித்த கமிஷனின் அறிக்கை. அதன் தலைவர், சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தர் டாக்டர் லக்ஷ்மணசாமி முதலியார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள், உயர்நிலைப் பள்ளியில் ஏழு பிரிவுகள் வையுங்கள் என்றார் அவர். கிராமத்துப் பள்ளிகளில் விவசாயமும், அதனோடு தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு, குடிசைத் தொழில் ஆகியவையும் கற்பிக்கவேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று வழிகாட்ட ஆட்கள் வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டாவது, முதலமைச்சர் ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமத்துப் பள்ளியில் தினம் 3 மணி நேரம் பாடம். மிச்ச நேரம் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தகப்பனின் தொழிலைப் பழகவேண்டும். இன்னும் நிறையக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் பணமும் கட்டடமும் போதவில்லை, உழைப்புக்கு மரியாதை வேண்டும் என்ற அவருடைய நியாயங்களை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் இல்லை. சிரைப்பவர் மகன் மறுபடியும் சிரைக்கத்தான் வேண்டுமா என்று ஜனங்கள் கேட்டார்கள். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜ் மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்.

இரண்டிலும் மண்வெட்டி உண்டு. ஒன்று, மண்வெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, பிரியமுள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றது. மற்றது, பையனை வெளியே அனுப்பி, உன் அப்பன் கையிலிருப்பதை வாங்கிக்கொள் என்றது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் ஒரு மனிதனின் ஆயுள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது; தொழிற்பிரிவும் கூடவே வந்தது. ஏட்டில் பார்த்தால் அது முதலியார் காட்டிய வழி. எங்கள் பள்ளிக்கூடத்திலோ, பிறப்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் மதிப்பெண் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று குலம் பார்த்துக் கொடுத்தார்கள். இங்கே மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்கிறவனை இரண்டு பேருமே கேட்கவில்லை. என் சிநேகிதன் விவசாயத்துக்காக அழவில்லை. அது தனக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்டதற்காக அழுதான்.

போன வருஷம் அவனிடமிருந்து போன் வந்தது. மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். விவசாயப் பிரிவுதான் வேண்டும் என்கிறாளாம்.

"ஏண்டா, இவ்வளவு மார்க்கை வாங்கிவிட்டு யாராவது அதில் சேர்வார்களா?" என்றான்.

"அவள்தான் கேட்கிறாளே. உன்னை யாராவது கேட்டார்களா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நாளைக்குப் போய்ச் சேர்த்துவிடுகிறேன்" என்றான்.