அகத்தியமலைக் காடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டை மாவட்டங்களிலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் பரந்துள்ள வெப்பமண்டலக் காடுகள். தலைச்சிகரமான அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி, நெய்யாறு, கரமனையாறு ஆகியவை இங்கே தோன்றுகின்றன. கரமனையாற்றின் பேப்பாறை அணை திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் தருகிறது. மரத்துக்காக ஆளப்பட்ட காடு நீருக்காகவும் உயிரினங்களுக்காகவும் காக்கப்படும் காடானதே இதன் நிருவாக வரலாறு.

திருவிதாங்கூர்க் காலம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்களாக இருந்தன. தனியார் நிலத்தில் வளர்ந்தாலும் உரிமை அரசனுடையதாக இருந்தது. இக்காடுகளின் பழங்குடியினரான காணிக்காரர் தேன், மெழுகு, ஏலம், குங்கிலியம் முதலியவற்றைச் சேகரித்து அரசுக்குக் கொடுத்தனர். 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் அகத்தியர்கூடத்தின் உச்சியில் காந்தவியல், வானிலை ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். காடு வெட்டி வழி திறந்து, கருவிகளை மேலே கொண்டுசென்று, மலையுச்சி அளவீடுகளைச் சமவெளி அளவீடுகளோடு ஒப்பிட்டனர்.

1887-இல் வனச் சட்டம் வந்தது. மறு ஆண்டு கோன்னி, சமஸ்தானத்தின் முதல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1893-இல் சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. வனக் காப்பாளர் டி. எஃப். பூர்டில்லன் 1908-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வன மரங்கள் பற்றிய நூல் இன்றும் அடிப்படை நூல். இச்சட்டங்கள் காணிக்காரரின் இடம் மாறிச் செய்யும் வேளாண்மையைக் கட்டுப்படுத்தின. ஆயினும் பிற்காலத்தில் காடு எஞ்சியதற்கு இவையும் ஒரு காரணம்.

காப்பகங்கள்

நெய்யாறு 1958-இலும், பேப்பாறை 1983-இலும், செந்தூரணி 1984-இலும் சரணாலயங்களாயின. தமிழகப் பகுதியில் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகமாயின. அங்கே 1990-களில் உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம், அடிவாரக் கிராமங்களில் குழு அமைத்துக் கடனுதவியும் மாற்று எரிபொருளும் தந்து, விறகுச் சுமையைக் குறைக்க முயன்றது. கேரளத்தின் குளத்துப்புழைப் பகுதியின் சதுப்புகளில் காட்டு ஜாதிக்காய் இன மரங்கள் முழங்கால்போல் மடங்கிய வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கின்றன. இத்தகைய பசுமைமாறாக் காடுகள் வெட்டப்படாதவரை மரத்திலும் மண்ணிலும் கரியைச் சேமித்துவைக்கின்றன.

ஆரோக்கியப்பச்சை

1987-இல் அறிவியலாளர்களின் ஆய்வுப் பயணத்தில் வழிகாட்டிய காணிக்காரர் களைப்பு தீர மென்ற காயைத் தந்த சிறு செடி ஆரோக்கியப்பச்சை. மரநிழலில் வளர்வது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகைக்கும் 2 விழுக்காடு உரிமப் பங்குக்கும் அளித்தது. இவற்றில் பாதி காணிக்காரருக்கு. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. பறிப்பு வரம்பு மீறும் எனக் கருதி, காட்டிலிருந்து செடியைச் சேகரிப்பதை வனத்துறை தடுத்தது. பயன் சில குடியிருப்புகளோடு நின்றதென்ற குறையும் எழுந்தது. எனினும் பயன்பகிர்வின் முன்னோடி என்ற பெயர் இத்திட்டத்துக்கே உரியது.

இன்றைய நிலை

3,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைந்து, 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. வனப் பாதுகாப்புக் குழுக்கள் செயல்படுகின்றன. காட்டுத்தீ, மலையேற்றக் கூட்டம், சரணாலய எல்லை பற்றிய தகராறு ஆகியவை தொடர்கின்றன.