ஃபார்மட் போடும் முன்: ஜமாஅத் கணினிக்கு ஒரு முழு நகல்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. போடியிலும் போடிமெட்டுச் சரிவிலும் உள்ள பள்ளிவாசல் அலுவலகங்கள், மக்தப்கள், ஏலக்காய்க் கடைகளில் "ஃபார்மட் போட்டு வேறு ஓஎஸ் ஏற்றிவிடலாமா?" என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

ஏற்றலாம். ஆனால் நிக்காஹ் தஃப்தரின் ஸ்கேன், உமீத் தளத்துக்காகத் திரட்டிய வக்ஃபு பத்திரங்கள், சந்தாக் கணக்கு, ஜகாத் பெறுவோர் பட்டியல் எல்லாம் மஹல்லாவின் அமானிதம். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் ஏவுகிறது. எழுதியதைத் தொலைக்காமல் காப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதானே?

'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையைப் பென்டிரைவில் போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. பழைய ஜமாஅத் கடிதங்கள் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதிய கணினியில் பாமினி இல்லையென்றால், கடிதம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். கோப்பு அழிந்துவிட்டது என்று பதறி அதையும் நீக்கிவிடுபவர்கள் உண்டு. டேலி கணக்கு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதும் கணக்கு எழுதுபவருக்கே பல நேரம் தெரியாது. (டேலி வைத்திருப்போர் ஃபார்மட்டுக்கு முன் அதன் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள்.)

எனவே ஓஎஸ், மென்பொருள், எழுத்துரு என டிஸ்க் முழுவதையும் நகலெடுக்க வேண்டும். இதற்கு ரெஸ்கியூசில்லா என்ற இலவச மென்பொருள் போதும். அதை ரூஃபஸ் மூலம் ஒரு பென்டிரைவில் எழுதுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பிறகு ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாது, நகலெடுப்பதில் சிக்கல் வரும். பென்டிரைவைச் செருகி, எஃப்12 அல்லது எஃப்9 (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி அதிலிருந்து கணினியைத் தொடங்கி, 'பேக்கப்' தேர்ந்தெடுத்து, நகலை எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் சேமியுங்கள். காலி இடம் நகலில் சேராது. 90 ஜிபி நிரம்பிய டிஸ்க்கின் நகல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

முடிந்ததும் 'வெரிஃபை' கொடுத்துச் சரிபாருங்கள். சரிபார்க்காத நகலை நம்பி ஃபார்மட் போடக் கூடாது.

இதைவிட எளிய வழியும் உண்டு. கேட்பவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். புதிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் புதிய ஓஎஸ் ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வையுங்கள். ஏதாவது விட்டுப்போனால் அதே கணினியில் பழையதை மாட்டினால் முன்பு போலவே தொடங்கும். எஸ்எஸ்டி போட்டதால் கணினியும் வேகமாகும்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஜகாத் வாங்குபவர் பெயரும், குடும்பப் பஞ்சாயத்துக் கடிதங்களும் அதில் இருக்கின்றன. மானம் காக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். வேலை நடக்கும்போது நிர்வாகி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு டிஸ்க்கின் மேல் தேதியை எழுதி, ஈரம் படாதபடி கட்டி, பள்ளிவாசல் பீரோவில் ஒன்றும் முத்தவல்லி வீட்டில் ஒன்றுமாக வையுங்கள்.