முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றிப் பழகிய ஒருவனுக்கு மோட்டார்க் காரின் சாஸ்திரத்தில் சரிபாதியை எவரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. களவெட்டியிலிருந்து போடியார் என்னும் நிலச்சுவாந்தரின் வளவுக்கு மூட்டைகளைக் கொண்டுசெல்லும் வண்டிக்காரன், பாரம் சற்றே முன்னால் சரிந்தால் நுகம் எருதின் கழுத்தை அழுத்துவதையும், பின்னால் சரிந்தால் அதே நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு எருதின் குரல்வளையை நெரிப்பதையும், வண்டி நாலு முழம் நகர்வதற்குள் அறிந்துகொண்டு, ஒரு மூட்டையை இரண்டு சாண் தள்ளிவைத்துச் சமன்செய்துவிடுவான். முன்பாரம், பின்பாரம் என்னும் இவ்விரு சொற்களையும் கல்முனைப் பகுதியின் பழைய சாரதிகள் சிலர் காருக்கும் அப்படியே வழங்கியதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். பின்சக்கரத்தால் உந்தப்படும் பழைய கார் ஒன்றைக் கைக்கு அடங்க வைப்பது எப்படி என்பது பற்றி ஆங்கிலத்தில் எத்தனையோ நூல்கள் உண்டு. அவை பக்கம் பக்கமாய் விளக்கும் விஷயத்தின் கரு இவ்விரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இக்கரையோரத்தின் பூகோளத்தைச் சற்று மனத்திற்கொள்ள வேண்டும். கிழக்கே கடலும் மேற்கே வயலும் களப்புமாய் இருக்க, இரண்டுக்கும் நடுவேயுள்ள மணற்பாங்கான நிலத்தில் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்கள் வரிசையாய் அமைந்திருக்கின்றன. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் பெருந்தெரு இவற்றை ஊடறுத்துச் செல்கிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதற்கு முன் இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை ஏற்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, நீர் பாய்ந்த நிலம் விரிந்தபோது, நெல்லோடு போக்குவரத்தும் பெருகிற்று. மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைப் பொதிகட்டி வெளியூருக்கு அனுப்பிய வியாபாரிக்கும், கச்சேரிக்குப் போய்வர வேண்டியிருந்த உத்தியோகஸ்தருக்கும், பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவருக்கும் வாடகைக் கார் இன்றியமையாத சாதனமாயிற்று.

அக்காலத்தில் பல இடங்களில் தார் போட்ட பகுதி ஒரு வாகனத்துக்கே போதுமானதாய் இருந்தபடியால், எதிரே பஸ் வந்தால் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மணலில் இறங்கியே தீரவேண்டும். இறங்கிய கணத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாய் இழுபடும். பதறி எக்ஸிலேட்டரை அழுத்தினாலோ, மணலில் இருக்கும் பின்சக்கரம் வீணே சுழன்று வண்டியின் பின்புறம் விலகிவிடும். எனக்குக் கார் ஓட்டப் பழக்கிய மாமா களியோடைப் பாலத்தை அண்மிக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: “மருமகன், மண்ணுக்கு இறங்கினா பிரேக்கையும் மிதிக்காத, எக்ஸிலேட்டரையும் மிதிக்காத, வண்டி தன்பாட்டில போகும்.” வண்டி தன்பாட்டில் போகவேண்டுமானால் அது அப்படிப் போகக்கூடிய வண்டியாக அமைந்திருக்க வேண்டும் என்பதைப் பிற்காலத்தில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

அத்தகைய வண்டியைச் செய்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1906 இல் ஸ்மேர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்து இளமையில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த இவர், இரண்டாம் உலக யுத்தகாலத்திலேயே ‘மொஸ்கிட்டோ’ என்னும் மறைபெயரில் வரையத் தொடங்கிய சிறிய கார், 1948 இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்ற பெயரோடு வெளிவந்தது. வேலை ஏறக்குறைய முடிந்திருந்த நிலையில், வண்டி ஒடுங்கித் தெரிகிறதே என்ற அதிருப்தி அவருக்கு எழ, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாய் அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் விலகியபோது அதுவே அளவு என்று தீர்மானித்தார் என்பது பிரசித்தமான செய்தி. முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நாலு அங்குலத்தின் அடையாளமே. கம்பனியின் அதிபரான நபீல்ட் பிரபுவோ வண்டியைக் கண்டதும் கொதிநீரில் உடைத்துவிட்ட முட்டை என்று ஏளனம் செய்தாராம். அந்த முட்டைதான் பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதலாவது கார்.

அழகைவிட அதன் நடையே நம் விஷயம். எஞ்சினை இயன்ற அளவு முன்னுக்குத் தள்ளிவைத்து, வண்டிக்காரன் மொழியிற் சொன்னால் முன்பாரம் கொடுத்து, மூக்கு நேரே போகும் சுபாவத்தை இசிகோனிஸ் அதற்கு உண்டாக்கினார். முன்சக்கரங்களைத் தனித்தனியே முறுக்குத்தண்டில் தாங்கவிட்டார். சுக்கானுக்கு நெளிவு சுளிவற்ற ரேக் அண்ட் பினியன் அமைப்பைக் கொடுத்தார். முந்திய ‘மொறிஸ் எட்டு’ காரின் 17 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 14 அங்குலச் சக்கரத்தைப் பூட்டினார். பின்புறத்தில் மட்டும் பழைய சம்பிரதாயப்படி, ஒரே அச்சும் அதைத் தாங்கும் வில்தகடுகளும். முதலில் வந்த 918 சிசி எஞ்சினின் வலு சுமார் 27 குதிரைதான். பின்னர் 803, 948, 1098 என்று எஞ்சின்கள் மாறியபோதும் வண்டியின் உடலமைப்பு சளைக்கவில்லை. பின்சக்கர உந்துதலில் இத்தனை சிறப்பாய் ஒரு சிறிய காரைச் செய்த அதே மனிதர், 1959 இல் எஞ்சினைக் குறுக்கே திருப்பி முன்சக்கரத்தை உந்தவைத்து மினியைச் செய்து, உலகத்துச் சிறிய கார்களை எல்லாம் தம் பழைய வழியிலிருந்து விலக்கிவிட்டார் என்பது விநோதம்தான்.

இனி, இங்கிலாந்தில் நாலு பேருக்கென்று செய்த அவ்வண்டி கல்முனைக்கு வந்து சேர்ந்தால் நடப்பதென்ன? முன்னால் மூவர், பின்னால் ஐவர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை. சாரதி ஒருவர் பேராசையால் ஏற்றினார் என்று சொல்வது நியாயமன்று. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகும் குடும்பத்தில் எவரை இறக்கிவிடுவது? பின்னச்சின்மேல் பாரம் இருப்பது உந்தும் சக்கரத்துக்குப் பிடிமானம் தரும் என்பது உண்மை. ஈர மணலில் வெறும் வண்டி புதைந்து நிற்க, ஆள் ஏறிய வண்டி மேலேறிப் போவதைக் கண்டிருக்கிறோம். ஆனால் அளவு மீறினால் வில்தகடு நிமிர்ந்து, மூக்கு மேலெழும்பி, சுக்கான் கையில் பஞ்சாய்விடும். சமநிலத்தில் அது தெரியாது. அம்பாறை வழியாக மஹியங்கனை போய்க் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில்தான் தெரியும்: இறக்கத்தில் வளைவின் நடுவே சாரதி கால் எடுக்க, பாரம் முன்னால் பாய, இலேசான பின்சக்கரம் வெளிப்புறமாய் நழுவும். பின்பாரக் காரை ஓட்டுபவன் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மெல்லிய உந்துதலோடு போகவேண்டும் என்ற விதியை மலைப்பாதை கற்றுக்கொடுத்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்பட்டு, 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரையில் அந்நிலை பெரும்பாலும் நீடித்தபடியால், ஊரில் ஏற்கனவே இருந்த மைனர்களையும் ஒஸ்டின்களையும் சாகாமற் காப்பதே கராஜ்களின் பிரதான தொழிலாயிற்று. 1950களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடு வந்து, வடக்கிலும் கிழக்கிலும் அதன்மேல் தார் பூசும் போராட்டம் எழுந்ததை அறிந்தோர் உண்டு, ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்ற பழைய ஆங்கில எழுத்துத் தகடுகள் கொண்ட வண்டிகளும் அதன் பின் பல்லாண்டு ஓடின. புதிய பாகம் கிடைக்காத அக்காலத்தில், செம்மைப்படுத்துதல் என்பது பிறவியில் அமைந்ததை மீட்டுக்கொடுப்பதேயன்றி வேறில்லை.

மைனரில் மீட்க வேண்டியவற்றுள் முதன்மையானது முன்சக்கரத்தின் கிங்பின். அதன் மேலும் கீழும் புரி வெட்டிய இரு மூட்டுகள் உண்டு. கிறீஸ் வற்றினால் கீழ்மூட்டின் புரி தேய்ந்து, ஒருநாள் திரும்பும் நேரத்தில் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து விழும். ஆயிரம் மைல் ஓடுவதற்குள் கிறீஸ் அடிக்கவேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கட்டளை. அடுத்தது சொக்கப்சோபர். முன்பக்கத்தில் அதன் கையே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையுமாகையால், ஒயில் ஒழுகினாலோ புஷ் தேய்ந்தாலோ துள்ளல் மட்டுமல்ல, சக்கரத்தின் சாய்வே பிழைத்துவிடும்.

டயரில் நேர்ந்த பிழை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். மிஷ்லின் கம்பனி 1946 இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இங்கே பரவலானபோது, இரண்டு மட்டும் வாங்க வசதியுள்ளவர்கள், சுக்கான் முன்னால்தானே இருக்கிறது என்று அவற்றை முன்னால் பூட்டினார்கள். முன்சக்கரம் இறுகப் பிடிக்க, பின்னாலுள்ள பழைய வகை டயர் முதலில் நழுவ, மழைநாளில் வண்டி பம்பரமாயிற்று. இரண்டு வகையையும் கலப்பதே பிழை. கலக்க நேர்ந்தால் ரேடியல் பின்னால்தான் இருக்கவேண்டும்.

கடற்காற்றின் உப்பு இக்கரையில் எல்லாவற்றையும்விடக் கொடிய சத்துரு. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தகட்டு உடலே சட்டகம். வில்தகட்டின் நுனி வந்து சேரும் இடம் துருவேறினால், சாரதி சுக்கானைத் திருப்பாமலேயே பின்னச்சு தான் நினைத்த பக்கம் திரும்பும். துருத்தின்ற தகடுகளுக்கு மாற்று இலங்கையிலேயே செய்யப்பட்டது பலர் அறியாத சங்கதி: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் இந்நாட்டில் கூட்டாகத் தொழிற்சாலை ஏற்படுத்தி, இங்கே செய்த பாகங்களை இங்கிலாந்துக்கு வருவித்தார்.

மாமாவின் 1959 ஆம் வருஷத்து மைனர் எனக்கு வந்தபின், தூரத்து நகரத்துக் கராஜ் ஒன்றில் அதை ‘நவீனப்படுத்த’ ஒப்புக்கொடுத்தேன். பின்வில்லில் இரண்டு தகடுகளை உருவித் தாழ்த்தி, அகன்ற டயர் பூட்டி, சிறிய சுக்கான் வளையமும் வைத்துத் தந்தார்கள். பார்வைக்கு இலட்சணம், ஓட்டத்தில் சித்திரவதை. ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு உடலில் இடித்தது. நேர்வீதியில் வண்டி தாராவைப்போல் அசைந்தது. இறுதியில் நிந்தவூர்ப் பக்கத்து வயோதிப மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். எல்லாரும் அவரை, அண்ணன் என்னும் பொருளில், ‘காக்கா’ என்றே அழைப்பார்கள். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். “கிறீஸ் கண்டு எத்தன காலம் தம்பி?” என்றார்; நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் வேலை. உருவிய தகடுகளுக்கு ஈடாகப் பழைய வண்டியொன்றின் தகடுகள் வந்தன, கீழ்மூட்டுகள் மாறின, சொக்கில் ஒயில் நிறைந்தது, ஒடுங்கிய டயர்கள் திரும்பின. முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கும் அளவை இரு பக்கமும் நூல் கட்டி, அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு என்று சரிப்படுத்தினார். காற்று முன்னால் 22 இறாத்தல், பின்னால் 24. ஜப்பானிய எஞ்சின் பூட்டிய மைனர்களில் புறப்படும்போது வில்தகடு எஸ் எழுத்தாய் நெளிந்து அச்சுத் துள்ளுவதைத் தடுக்கக் கம்பி பூட்டுவார்களே, எனக்கும் அது தேவையா என்று கேட்டேன். சொந்த எஞ்சின் உள்ளவனுக்கு அது எதற்கு என்றார்.

ஓட்டிப் பார்க்க ஒலுவில் துறைமுக வீதிக்குப் போனோம். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. அமைச்சராயிருந்த அஷ்ரபின் கனவில் உதித்தது. அலைத்தடுப்பு அணைகள் கரையோர மணலின் ஓட்டத்தை மறிக்க, வாயில் தூர்ந்து, வடபுறக் கரையைக் கடல் அரித்து, தென்னைகளும் நிலமும் போயின. ஓரிடத்துப் பாரத்தைத் தடுத்தால் மற்றோர் இடம் இலேசாகும் என்பதைக் கடலும் அறிந்திருக்கிறது போலும். வெறிச்சோடிய அவ்வீதியில், காக்காவின் ஏவலின்படி நாற்பது மைல் வேகத்தில் சுக்கானைவிட்டுக் கணநேரம் கையை எடுத்தேன். வண்டி தன்பாட்டில் நேரே போயிற்று. திரும்பி வந்ததும் அவர் முன்மூடியைத் திறந்து, அடுத்த கிறீஸுக்குரிய மைல்கணக்கை உட்புறத்தில் சோக்குக் கட்டியால் எழுதினார்: 37,210.